மயக்க மருந்து ஒன்றா, பலவா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்), புளியறை

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. ஒருவருடைய வலியைப் பிறர் அறிய முடியாது என்பது உண்மைதான். ஆனால், ஒருவருடைய வலியை அவரே அறியாதபடி சிறிது நேரம் நிறுத்தி வைக்க முடியும் என்பதை மனித குலம் கண்டுகொண்டு ஏறத்தாழ 180 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னர், நோயாளியை நான்கு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் கண்ணிமைக்கும் நேரத்தில் காலையோ கையையோ வெட்டி எடுப்பார். எவர் விரைவாக வெட்டுகிறாரோ அவரே சிறந்த மருத்துவர் எனப் பெயர் பெற்ற காலம் அது.

இன்று நம் ஊர்களில் மயக்க மருந்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் எவருமில்லை. எங்கள் புளியறையில் செங்கோட்டைக்குச் சென்று பல் பிடுங்கி வந்தவரும், தென்காசியில் ஆபரேஷன் செய்து குழந்தை பெற்று வந்தவரும், மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து கால் எலும்பில் தகடு வைத்துக்கொண்டவரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "மயக்க ஊசி போட்டாங்க." உண்மையில் இம்மூவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே வகை மருந்தாக இருந்திருக்காது. ஒரே பெயரால் அழைப்பதால் ஒரு மருந்தின் மீதுள்ள அச்சம் எல்லா மருந்துகளின் மீதும் பரவிவிடுகிறது. "மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனோ மாட்டேனோ" என்று அஞ்சிக் குடலிறக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்கள் கிராமங்களில் உண்டு. மயக்க மருந்துகளின் வகைகளை அறிந்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பது தெளிவாகும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்து வந்த பாதை

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரச் செய்தார். கழுத்திலிருந்த கட்டியை அறுவை மருத்துவர் அகற்றினார்; நோயாளி அலறவில்லை. கப்பலில்தான் செய்தி போக வேண்டிய அக்காலத்தில், அடுத்த ஆண்டே, அதாவது 1847-இலேயே, ஈதர் கல்கத்தாவில் பயன்படுத்தப்பட்டுவிட்டது. அதே 1847-இல் எடின்பரோவில் சிம்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்மைப் புகுத்தினார்.

குளோரோஃபார்ம் முகர்வதற்கு இனிமையானது. ஈதரைப் போலத் தீப்பற்றாது. எனினும் 1848-இல் இங்கிலாந்தில், கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்துபோனாள். இது முதலில் மூச்சை நிறுத்துகிறதா, இதயத்தை நிறுத்துகிறதா என்ற வாதம் உலகெங்கும் எழுந்தது. அதற்கு விடை தேடும் ஆராய்ச்சி நம் நாட்டில், ஹைதராபாத்தில் நடந்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. நிஜாம் மன்னரின் பொருளுதவியுடன், எட்வர்ட் லாரி என்ற மருத்துவரின் முயற்சியால் 1888-இலும் 1889-இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆராய்ச்சிக் குழுக்கள் அமைந்தன. விலங்குகளின் மீது நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யப்பட்டன. "மூச்சே முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனியுங்கள்" என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் 1911-இல் லெவி என்பவர், குளோரோஃபார்ம் குறைவாக உள்ள நிலையில் இதயமே திடீரென ஒழுங்கு தவறி நிற்கக்கூடும் என்று காட்டினார். இன்று அறுவை அரங்கில் மூச்சு, நாடி, இதயத் துடிப்பு, இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் ஆகிய அனைத்தையும் இடைவிடாது கவனிக்கிறார்கள். குளோரோஃபார்ம் கைவிடப்பட்டுவிட்டது.

அதே ஹைதராபாத்தில் பயின்று, குளோரோஃபார்ம் கொடுப்பதில் தேர்ந்து விளங்கியவர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணி. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று இவரைப் போற்றுகின்றனர்.

இருபெரும் பிரிவுகள்

மயக்க மருந்துகளை முதலில் இரண்டாகப் பிரிக்கலாம்.

1. பொது மயக்க மருந்துகள்: இவை மூளையில் செயற்பட்டு நினைவையே நீக்குகின்றன. உடல் முழுவதும் உணர்விழக்கிறது.

2. இட மரப்பு மருந்துகள்: இவை ஊசி போட்ட இடத்திலுள்ள நரம்பில் மட்டும் செயற்பட்டு அப்பகுதியை மரத்துப்போகச் செய்கின்றன. நோயாளி விழித்திருப்பார், பேசுவார்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மின்நிலையத்தில் விசையை அணைத்தால் ஊரே இருளும். ஓர் அறையின் விசையை மட்டும் அணைத்தால் அந்த அறை மட்டும் இருளும். முன்னது பொது மயக்கம். பின்னது இட மரப்பு.

பொது மயக்க மருந்துகள்

இவற்றை உடலுக்குள் செலுத்தும் வழியைக் கொண்டு மீண்டும் இரண்டாகப் பிரிப்பர்.

அ) மூச்சு வழியே செலுத்துபவை

இவற்றுள் வாயுக்களும் உண்டு. எளிதில் ஆவியாகும் திரவங்களும் உண்டு. வாயுவுக்கு எடுத்துக்காட்டு, சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு. இது வலியை நன்கு குறைக்கும். ஆனால் தனியே முழு மயக்கம் தரும் வலிமை இதற்கில்லை. ஆகவே மற்ற மருந்துகளுக்குத் துணையாகவே பயன்படுகிறது.

திரவங்களில் பழமையானது ஈதர். நாம் ஆய்வுக்கூடத்தில் அறிந்த அதே டைஎதில் ஈதர்தான். இதன் கொதிநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ்; நம் பக்கத்துச் சித்திரை வெயிலே அதைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எளிதில் தீப்பற்றுவது இதன் பெருங்குறை. கார்பன் சேர்மங்களில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஃபுளூரினைப் புகுத்தினால் தீப்பற்றும் இயல்பு குறையும் என்ற வேதியியல் அறிவு இங்கே கைகொடுத்தது. 1951-இல் சக்லிங் என்ற வேதியியலார் ஹாலோதேன் என்ற சேர்மத்தைத் தயாரித்தார். 1956-இல் அது மருத்துவப் பயனுக்கு வந்தது. அரிதாகச் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்ததால், காலப்போக்கில் ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன், டெஸ்ஃபுளூரேன் ஆகியவை அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. இம்மூன்றும் ஃபுளூரின் சேர்ந்த ஈதர்களே. ஈதர் போனது; அதன் குடும்பம் போகவில்லை!

இம்மருந்துகளில் எது வலிமை மிக்கது என்பதை எவ்வாறு அறிவது? 1899-இல் மேயர் என்பவரும், 1901-இல் ஓவர்ட்டன் என்பவரும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ, அந்த அளவுக்கு மருந்து வலிமை வாய்ந்தது. மூளையின் செல்களைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. எனவே கொழுப்பில் கரைவது அங்கு எளிதில் சேர்கிறது. மருந்துகள் அச்சவ்விலுள்ள குறிப்பிட்ட புரதங்களைப் பற்றிச் செயற்படுகின்றன என்று பின்னர் விளங்கியது. ஆயினும் அந்தப் பழைய விதி இன்றும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது.

திரைப்படங்களில் வில்லன் கைக்குட்டையில் குளோரோஃபார்மைத் தெளித்து மூக்கில் வைத்த நொடியே கதாநாயகி சாய்ந்துவிடுவாள். அது கதை. ஆவி நுரையீரலிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போய்ப் போதிய அளவு சேரச் சில நிமிடங்களாவது வேண்டும். மயக்கம் முற்றுவதற்கு முன், நோயாளி உளறிக் கைகால்களை உதறும் நிலையும் இடையில் வரும்.

ஆ) இரத்தக் குழாய் வழியே செலுத்துபவை

அந்த உளறல் நிலையைத் தாண்டி விரைவாக உறக்கம் தருவதற்கு வந்தவை இவை. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த தயோபென்டால், ஊசி ஏறிய அரை நிமிடத்திற்குள் உறக்கம் தரும். சில நிமிடங்களில் நோயாளி விழிப்பார். மருந்து அழிந்துவிட்டதால் அல்ல. மூளையை விட்டுத் தசைகளுக்கும் கொழுப்புக்கும் பரவிவிடுவதால் விழிக்கிறார். எண்பதுகளில் வந்த புரோபோஃபால் பால் போல் வெண்மையானது. அது நீரில் கரையாததால் சோயா எண்ணெயில் கரைத்துப் பால்மமாக ஆக்கியிருக்கிறார்கள். அதைப் பெற்றவர் தெளிவாக விழிப்பதால் இன்று பெருவழக்காக உள்ளது.

இவ்வகையில் தனித்து நிற்பது கெட்டமைன். 1962-இல் தயாரிக்கப்பட்டது. மற்ற மருந்துகள் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். கெட்டமைன் பெரும்பாலும் அவற்றைக் காக்கும். நோயாளி கண் திறந்தபடியே உணர்வற்றிருப்பார். பெரிய கருவிகள் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கும் பேரிடர்க் காலங்களுக்கும் ஏற்றது. விழிக்கும்போது விபரீதக் காட்சிகள் தோன்றுவது இதன் குறை.

இட மரப்பு மருந்துகள்

பல் வலிக்குக் கிராம்பைக் கடித்து வைப்பது நம் பாட்டி வைத்தியம். குற்றாலக் கடைத்தெருவில் விற்கும் அக்கிராம்பிலுள்ள யூஜெனால் என்ற எண்ணெய்ப் பொருள் ஈறைச் சற்று மரக்கச் செய்கிறது. இட மரப்பு என்பது என்ன என்று புரிந்துகொள்ள இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

மருத்துவத்தில் முதலில் வந்த இட மரப்பு மருந்து கோகெயின். தென்னமெரிக்காவின் கோகா இலையிலிருந்து கிடைப்பது. 1884-இல் வியன்னாவைச் சேர்ந்த கோலர் என்ற மருத்துவர் அதைக் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டு, கண் அறுவை வலியின்றி நடைபெற வழி கண்டார். கோகெயின் அடிமைப்படுத்தும் இயல்புடையது. ஆகவே அதன் அமைப்பைப் பின்பற்றி, அடிமைப்படுத்தாத மருந்துகளை வேதியியலார் தேடினர். 1905-இல் புரோகெயின் வந்தது. 1943-இல் ஸ்வீடனில் லோஃப்கிரென் என்ற வேதியியலார் லிக்னோகெயினைத் தயாரித்தார். இன்று பல் மருத்துவர் போடும் ஊசி பெரும்பாலும் இதுவே.

இம்மருந்துகளின் மூலக்கூறு மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒரு முனையில் கொழுப்பில் கரையும் பென்சீன் வளையம்; மறுமுனையில் நீரை நாடும் அமீன்; நடுவில் ஓர் இணைப்பு. அந்த இணைப்பைக் கொண்டே இவை வகைப்படுத்தப்படுகின்றன.

எஸ்டர் வகை: கோகெயின், புரோகெயின், குளோரோபுரோகெயின், டெட்ராகெயின். இவற்றுள் பெரும்பாலானவற்றை இரத்தத்திலுள்ள ஒரு நொதியே சிதைத்துவிடும். ஒவ்வாமை இவ்வகையில்தான் சற்று மிகுதி.

அமைடு வகை: லிக்னோகெயின், புரிலோகெயின், புபிவாகெயின், ரோபிவாகெயின். இவை கல்லீரலில் சிதைகின்றன. எனவே கல்லீரல் கெட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். உண்மையான ஒவ்வாமை மிக அரிது.

நீடிக்கும் காலத்தைக் கொண்டும் இவற்றைப் பிரிக்கலாம். புரோகெயின் குறுகிய நேரமே நிற்கும், லிக்னோகெயின் நடுத்தரம், புபிவாகெயின் பல மணி நேரம் நிற்கும்.

இவை செயற்படும் விதம் வியப்பானது. நரம்பில் செய்தி ஓடுவதற்கு, சோடியம் அயனிகள் நுண்ணிய வாயில்கள் வழியே உள்ளே பாய வேண்டும். மருந்து மூலக்கூறு நரம்புச் சவ்வைக் கடந்து உள்ளே போய், அவ்வாயிலை உள்ளிருந்து அடைத்துவிடுகிறது. சோடியம் நுழையாவிட்டால் செய்தி இல்லை. செய்தி இல்லையேல் வலி இல்லை. வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடைபடுகின்றன. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் பிறகே அடைபடும். ஆகவேதான் பல் பிடுங்கியவர், "இழுக்கிறது தெரிந்தது, வலி தெரியவில்லை" என்கிறார்.

ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருக்கும்போது, "மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வடிந்த பிறகு வாருங்கள்" என்று பல் மருத்துவர் திருப்பி அனுப்புவதற்கும் இதில் விடை உண்டு. மருந்து ஒரு வலிகுறைந்த காரம். சீழுள்ள இடம் அமிலத் தன்மையுடையது. அமிலத்தில் காரம் அயனியாகிவிடும். அயனி கொழுப்புச் சவ்வைக் கடக்காது. எத்தனை ஊசி போட்டாலும் சரியாக மரக்காது.

அளவும் முக்கியம். 2 விழுக்காடு லிக்னோகெயின் என்றால் 100 மில்லிலிட்டரில் 2 கிராம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பது பாடநூல்கள் கூறும் உச்ச அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 225 மில்லிகிராம். ஏறத்தாழ 11 மில்லிலிட்டர். அதை மீறி இரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம். இட மரப்பு என்பதால் யாரும் எப்படியும் போடலாம் என்பதில்லை.

முதுகு ஊசி

பிள்ளைப்பேற்று அறுவைக்குப் போடும் முதுகு ஊசி பொது மயக்கம் அல்ல. அது இட மரப்பின் ஒரு வகை. 1898-இல் ஜெர்மனியில் பியர் என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் புபிவாகெயினைச் செலுத்துவர். அதில் குளுக்கோஸ் கலந்திருப்பதால் அந்நீரை விடக் கனமாகிக் கீழ்நோக்கிப் படியும். நோயாளியைக் கிடத்தும் நிலையைக் கொண்டு மரப்பு எவ்வளவு தூரம் ஏறவேண்டும் என்பதை மருத்துவர் கட்டுப்படுத்துகிறார். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம்.

"அந்த முதுகு ஊசி போட்டதிலிருந்துதான் இடுப்பே போச்சு" என்ற பேச்சை நம் ஊர்ப் பெண்களிடம் கேட்காத நாளில்லை. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பின் முதல், இரண்டாம் எலும்பளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே போடப்படுகிறது. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். தண்டுவட நீர் கசிந்தால் எழுந்து உட்காரும்போது தலைவலி வரலாம். இவை உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு இந்த ஊசி காரணமல்ல என்பதையே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைநார்கள், குனிந்து பால் கொடுப்பது, பேறு முடிந்த சில வாரங்களில் குடம் தூக்குவதும் நாற்று நடுவதுமாக வேலைக்குத் திரும்புவது ஆகியவையே ஆராய வேண்டிய காரணங்கள். ஊசியின் மேல் பழியைப் போட்டால் இவற்றை யார் கவனிப்பார்?

மயக்க மருந்தல்லாத துணை மருந்து

அறுவைக்கு உறக்கம், வலியின்மை, தசைத் தளர்ச்சி ஆகிய மூன்றும் வேண்டும். ஒரே மருந்தால் மூன்றையும் பெற முயன்றால் அளவு ஆபத்தாகிவிடும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனி மருந்தைச் சிறு அளவில் தருகிறார்கள். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் அத்தகைய துணை மருந்து. அது சுமார் ஐந்து நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைச் சிதைப்பது, புரோகெயின் போன்ற எஸ்டர்களைச் சிதைக்கும் அதே இரத்த நொதிதான்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்நொதி செயற்படுவதில்லை. கோயம்புத்தூர் வட்டாரத்து வைசிய சமூகத்தாரிடையே செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 24 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாகக் கூறுகிறது. மற்றபடி அவர்கள் முழு நலத்துடன் வாழ்பவர்களே. ஆனால் இம்மருந்தைப் பெற்றால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது; அதுவரை கருவியால் மூச்சளிக்க வேண்டும். முன்னமே தெரிந்தால் வேறு மருந்தைத் தரலாம். "உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் மயக்கம் தெளியத் தாமதமானதுண்டா?" என்று மருத்துவர் கேட்பது ஊர்க்கதை பேச அல்ல.

நாம் செய்ய வேண்டுவன

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்கு, "ஒண்ணும் சாப்பிடல டாக்டர், ரெண்டு இட்லியும் காப்பியும்தான்" என்று பதில் சொல்பவர் உண்டு. பொது மயக்கத்தில் தொண்டையின் காவல் அற்றுப்போகும். வயிற்றிலுள்ள உணவு மேலே வந்து மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பர். முதுகு ஊசி என்றாலும், இடையில் பொது மயக்கம் தேவைப்படலாம் என்பதால் இவ்விதி பொருந்தும். மது, புகை, ஆஸ்துமா, அன்றாடம் உண்ணும் மாத்திரைகள், முன்பு எந்த மருந்துக்காவது உடல் தடித்தது ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் எவ்வகை மருந்தை, எவ்வளவு தேர்ந்தெடுப்பது என்பது இந்தப் பதில்களைப் பொறுத்தே அமைகிறது.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, அம்மாவும் அப்பாவும் கைநாட்டு வைக்கும் முன் திரும்பிப் பார்ப்பது நம் முகத்தைத்தான். அப்போது, "இது முழு மயக்கமா, முதுகு ஊசியா, இடத்தில் மட்டும் மரக்கும் ஊசியா?" என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை வீட்டாருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல நம்மால் முடிய வேண்டும். எஸ்டரையும் அமைடையும் நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவை நம் வீட்டாருக்கும் பயன்படட்டும்.